ஓநாய் அழுகிறது – ஆடு நனைகிறதா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் படிப்பு வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நியாயமானதே. விடியற்காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, எட்டு மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவனுக்குத் தலால் தெருவில் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

ஆனால் நாம் பங்குச் சந்தைக்குப் போகாவிட்டாலும் நம் பணம் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஊரில் பெண்ணின் கலியாணத்திற்கென்று மாதாமாதம் கட்டுகிற எல்.ஐ.சி. பிரிமியத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது. ஆலையிலும் கம்பெனியிலும் சம்பளத்தில் பிடிக்கிற வைப்பு நிதியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு முதல் அங்கே போகிறது. இவை போதாவென்று, மும்பைத் தமிழர்களில் பலர் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவரும் தாராவியைத் திருத்திக் கட்டும் வேலையை ஏலத்தில் எடுத்திருப்பதும் பங்குச் சந்தையில் பெயர் பெற்ற ஒரு குழுமந்தான். ஆகவே அந்தக் குழுமத்தின் மீது மோசடிக் குற்றச்சாட்டு ஒன்று கிளம்பினால், அது பணக்காரர் வீட்டுச் சண்டை என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

அதானி குழுமத்தைப் பற்றியும், அதன் மீது ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனம் சாட்டிய குற்றங்களைப் பற்றியும்தான் பேசுகிறோம்.

2023 ஜனவரி இறுதியில் நம் தேநீர்க் கடைகளில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒரு குரல், “அமெரிக்காக்காரனே சொல்லிவிட்டான், எல்லாம் மோசடி. நெருப்பில்லாமல் புகையுமா? கம்பெனி கவிழ்ந்துவிடும், நம் குடிசைகள் தப்பிவிடும்” என்றது. மறு குரல், “விலையை இறக்கி லாபம் பார்க்க வந்த வெளிநாட்டுச் சூதாடியின் பேச்சை நம்பலாமா? அத்தனையும் கட்டுக்கதை” என்றது. இரண்டு குரலுக்கும் உரியவர்கள் நம்மவர்கள்தாம். இருவரும் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. இருவரும் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கேள்வியைப் பார்த்துச் சொல்லவில்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஹிண்டன்பர்க் என்பது 1937இல் அமெரிக்காவில் எரிந்து விழுந்த ஒரு ஜெர்மானிய ஆகாயக் கப்பலின் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாதன் ஆண்டர்சன் என்பவர் 2017இல் நியூயார்க்கில் தொடங்கிய சிறிய நிறுவனம், 2023 ஜனவரி 24ஆம் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதானி குழுமம் பல பத்தாண்டுகளாகப் பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றியும் கணக்கில் மோசடி செய்தும் வந்திருக்கிறது என்பதும், மொரீஷியஸ் போன்ற இடங்களில் பெயரளவுக் கம்பெனிகளை வைத்துப் பணத்தைச் சுற்றவிட்டிருக்கிறது என்பதும் அதன் குற்றச்சாட்டு. முடிவில் 88 கேள்விகளைக் கேட்டிருந்தது.

அப்போது அதானி எண்டர்பிரைசஸ் 20,000 கோடி ரூபாய்க்குக் கூடுதல் பங்கு வெளியிட இருந்த நேரம். அறிக்கை வந்த மூன்றாம் நாள் அந்த வெளியீடு திறந்தது. ஜனவரி 29ஆம் தேதி குழுமம் 413 பக்கத்தில் பதில் அளித்தது. எல்லாக் குற்றச்சாட்டையும் மறுத்ததோடு, இது இந்தியாவின் மீதே திட்டமிட்டு நடத்தப்பட்ட தாக்குதல் என்றும் சொன்னது. 31ஆம் தேதி வெளியீடு முழுவதும் விற்றுவிட்டது. ஆனால் விற்ற விதத்தைப் பாருங்கள். பெரிய நிறுவனங்களும் பெரும் பணக்காரர்களும் வாங்கி நிரப்பினார்கள். சாதாரண சிறு முதலீட்டாளருக்கு ஒதுக்கிய பங்கில் 12 சதவீதத்துக்குத்தான் ஆள் வந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி வெளியீட்டையே ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் குழுமத்தின் சந்தை மதிப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் கரைந்தது.

இனி, ‘ஷார்ட் செய்வது’ என்கிறார்களே, அது என்ன?

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு மூட்டை அரிசி கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்றைய விலையான 1,500 ரூபாய்க்கு விற்றுவிடுகிறோம். அடுத்த மாதம் விலை 1,000 ரூபாய்க்கு இறங்குகிறது. ஒரு மூட்டை வாங்கி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 500 ரூபாய் நமக்கு. விலை இறங்காமல் 2,200 ரூபாய்க்கு ஏறிவிட்டால்? அப்போதும் மூட்டையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். 700 ரூபாய் கைநட்டம். விலை விழும் என்று பந்தயம் கட்டுகிற இந்த வியாபாரந்தான் ஷார்ட் செய்வது. பங்குச் சந்தைக்காரர்கள் இப்படிப்பட்டவர்களைக் கரடி என்பார்கள். விலை ஏறும் என்று வாங்கிக் குவிப்பவரைக் காளை என்பார்கள்.

இதுவரை குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அரிசியை விற்றுவிட்ட கையோடு அதே ஆள் தெருத் தெருவாகப் போய், “அந்தக் கடை அரிசியில் கல் இருக்கிறது, வாங்காதீர்கள்” என்று கூவினால் என்ன நினைப்போம்? இவன் பேச்சில் இவனுக்கு லாபம் இருக்கிறதே என்று சந்தேகப்படுவோம். சந்தேகப்படத்தான் வேண்டும். ஹிண்டன்பர்க் செய்தது இதைத்தான். தாங்கள் ஷார்ட் செய்திருப்பதை அவர்களே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் விற்பனையாகும் அதானி கடன் பத்திரங்களிலும், இந்தியாவுக்கு வெளியே நடக்கும் சில ஒப்பந்தங்களிலும் பந்தயம் கட்டியிருப்பதாக அதிலேயே இருந்தது.

ஆகவே குற்றம் சாட்டியவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு இருக்கின்றன.

ஒன்று: இந்தக் குற்றச்சாட்டால் யாருக்கு எவ்வளவு வருமானம்?

2024 ஜூன் மாதம் நம் நாட்டுச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, ஹிண்டன்பர்க்குக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. அறிக்கையின் முன்வரைவு வெளியீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே நியூயார்க்கில் உள்ள ஒரு நிதி மேலாளருக்குக் காட்டப்பட்டது என்றும், அவர் தொடர்புடைய ஒரு நிதியம் இந்தியச் சந்தையிலேயே அதானி எண்டர்பிரைசஸ் பங்கின் விலை விழும் என்று பந்தயம் கட்டி ஏறத்தாழ 183 கோடி ரூபாய் லாபம் பார்த்தது என்றும் அதில் இருந்தது. ஹிண்டன்பர்க் அந்த நோட்டீஸைத் தானே வெளியிட்டு, இது வாயை அடைக்கும் முயற்சி என்றது. தனக்கு இதில் கிடைத்த வரவு 41 லட்சம் டாலர் என்றும், சொந்தமாக ஷார்ட் செய்த கடன் பத்திரத்தில் கிடைத்தது 31,000 டாலர் மட்டுமே என்றும் கணக்குச் சொன்னது.

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். செபியின் நோட்டீஸும் ஒரு குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் அறிக்கையை எழுதியவர் ஒருவர், அதை முன்கூட்டியே பார்த்துப் பணம் போட்டவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு, பொதுநல ஊழியம் என்று நாம் கும்பிட்டு வணங்கத் தக்கது அல்ல. அறிக்கை வெளியான அன்று பதறி விற்ற சிறு முதலீட்டாளனுக்கு முன்வரைவை யாரும் காட்டவில்லை.

இரண்டு: எது கண்டது, எது ஊகித்தது?

இன்ன முகவரியில் இன்ன கம்பெனி பதிவாகியிருக்கிறது, அதற்கு இன்னார் இயக்குநர், அங்கிருந்து இங்கே இவ்வளவு கடன் வந்திருக்கிறது என்பதெல்லாம் ஆவணத்தில் கண்டது. அந்தப் பணம் உண்மையில் முதலாளி குடும்பத்தின் பணமே, விலையை ஏற்றவே அது சுற்றவிடப்பட்டது என்பது ஊகம். ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கண்டதற்கும் ஊகத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட, வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் எந்த ஷார்ட் வியாபாரிக்கும் கிடையாது.

மூன்று: எது புதிது, எது பழையது?

அறிக்கையில் இருந்தவற்றில் வைர ஏற்றுமதி, மின்சாரக் கருவி இறக்குமதி சம்பந்தமான பழைய சுங்க வழக்குகளும் உண்டு. அவற்றில் தீர்ப்பாயங்கள் குழுமத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. பழைய வழக்கைப் புதுச் செய்தி போல அடுக்கினால் அறிக்கை கனமாகத் தெரியும். கனம் வேறு, சாட்சியம் வேறு.

நான்கு: சொன்ன அளவுக்கு நடந்ததா?

குழுமத்தின் ஏழு முக்கியக் கம்பெனிகளின் பங்கு விலை 85 சதவீதம் விழத் தக்கது என்று அறிக்கை சொன்னது. அதானி டோட்டல் காஸ் விஷயத்தில் ஏறத்தாழ அதுவே நடந்தது. ஏறத்தாழ 3,900 ரூபாயில் இருந்த பங்கு, ஒரே மாதத்தில் 700 ரூபாய் அளவுக்கு வந்தது. ஆனால் அதானி போர்ட்ஸ் விஷயத்தில் நேர்மாறு. 700 சில்லறையில் இருந்த பங்கு விழுந்து, எழுந்து, 1,000 ரூபாயைத் தாண்டிப் போனது. ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே கோலால் அளந்தது சரியாக அமையவில்லை.

தோழர்களே! இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டு, “பார்த்தீர்களா, அறிக்கை பொய், குழுமம் தூய்மை” என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போனால் நாம் ஏமாந்தவர்கள் ஆவோம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பது நம் பழமொழி. ஓநாயின் கண்ணீரை நம்பாதே என்பதற்காக அதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஓநாய் அழுத ஒரே காரணத்தால் ஆடு நனையவில்லை என்று ஆகிவிடுமா? மழை பெய்கிறதா, ஆட்டின் மேல் ரோமம் ஈரமா என்று போய்த் தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்? ஓநாயின் நோக்கம் ஒரு விஷயம். ஆட்டின் ஈரம் வேறு விஷயம்.

இதற்கு உலகத்தில் உதாரணம் இல்லாமல் இல்லை.

ஜெர்மனியில் வயர்கார்ட் என்ற கம்பெனி. அதன் கணக்கில் கோளாறு என்று ஷார்ட் வியாபாரிகளும் லண்டன் பத்திரிகை ஒன்றும் எழுதினார்கள். 2019இல் அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு என்ன செய்தது தெரியுமா? அந்தப் பங்கை ஷார்ட் செய்யவே இரண்டு மாதம் தடை போட்டது. எழுதிய நிருபர்கள் மீதே குற்றப் புகார் கொடுத்தது. நம் நாட்டுக் கம்பெனியை வெளியார் தாக்குகிறார்கள் என்ற கோபம். 2020 ஜூனில் கம்பெனி தானே ஒப்புக்கொண்டது: இருப்பில் இருந்ததாகச் சொன்ன 190 கோடி யூரோ அநேகமாக இல்லவே இல்லை. கம்பெனி திவாலானது. அங்கே ஆடு நன்றாகவே நனைந்திருந்தது.

சீனாவில் எவர்கிராண்ட் என்ற வீடு கட்டும் கம்பெனி. அது கடனில் மூழ்கிவிட்டது என்று 2012இல் ஆண்ட்ரூ லெஃப்ட் என்ற அமெரிக்க ஷார்ட் வியாபாரி எழுதினார். எழுதுமுன் பங்கை ஷார்ட் செய்திருந்தார். ஹாங்காங் தீர்ப்பாயம் விசாரித்து, தவறான, திசைதிருப்பும் தகவலைப் பரப்பினார் என்று 2016இல் அவர் மீது தீர்ப்பளித்து, ஐந்து ஆண்டு அங்கே வியாபாரம் செய்யத் தடை விதித்தது. ஆனால் 2021இல் எவர்கிராண்ட் கடனைக் கட்ட முடியாமல் கவிழ்ந்தது. முன்பணம் கட்டிய எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு முடியவில்லை. 2019, 2020 ஆண்டுகளில் வருவாயைப் பொய்யாகக் கூட்டிக் காட்டியது என்று சீன அரசின் அமைப்பே 2024இல் கண்டது. 2012இல் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கலாம். அவரைத் தண்டித்ததும் சட்டப்படி சரியாக இருக்கலாம். அவரைத் தண்டித்ததால் கம்பெனி பிழைத்துக்கொள்ளவில்லை.

நம் மும்பையிலேயே பழைய கதை ஒன்று உண்டு. 1982 மார்ச்சில் கல்கத்தாவைச் சேர்ந்த கரடிக் கூட்டம் ஒன்று, கையில் இல்லாத ரிலையன்ஸ் பங்குகளை விற்றுத் தள்ளி விலையை இறக்கப் பார்த்தது. எதிர்த் தரப்பில் ரிலையன்ஸின் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் விற்றதையெல்லாம் வாங்கினார்கள். ஏப்ரல் இறுதியில், “விற்ற பங்கைக் கொண்டுவந்து வை” என்று கேட்டார்கள். இல்லாத பங்கை எங்கிருந்து கொண்டுவருவது? கரடிகள் கதிகலங்க, பம்பாய்ப் பங்குச் சந்தையையே சில நாள் மூடி வைக்க வேண்டி வந்தது. கரடிகள் தோற்றார்கள். ஆனால் அதே காலத்தில், ‘குரோக்கடைல்’, ‘லோட்டா’, ‘ஃபியாஸ்கோ’ என்றெல்லாம் விசித்திரப் பெயர் வைத்துக்கொண்ட, வெளிநாட்டில் பதிவான கம்பெனிகள் ரிலையன்ஸ் பங்குகளை வாங்கிய விவகாரம் பின்னர்ப் பாராளுமன்றம் வரை போனது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் பணம் என்ற கேள்வி, கரடிகள் தோற்றதனால் மறைந்துவிடவில்லை.

யாருமே அழாத இடத்திலும் ஆடு நனைந்ததுண்டு. ஹைதராபாத் சத்யம் கம்பெனிக்கு உலகப் புகழ் பெற்ற தணிக்கையாளர்கள் இருந்தார்கள். நல்ல நிர்வாகத்துக்கென்று 2008இல் விருதும் வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் பொய் என்று ஒப்புக்கொண்டார். அறிக்கை எழுத அங்கே ஒரு கரடியும் முன்வரவில்லை. முன்வந்திருந்தால் அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஷார்ட் வியாபாரி என்றால் பொய்யன் என்றும் சொல்ல முடியாது. மெய்யன் என்றும் சொல்ல முடியாது. அவர் லாபம் தேடும் ஒரு வியாபாரி. தேடுகிற வழியில் உண்மையும் அகப்படலாம், பொய்யும் கலக்கலாம்.

அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்க வேண்டியது.

413 பக்கப் பதிலில் ஆவணங்கள் நிறைய இருந்தன. 88 கேள்விகளில் 65 கேள்விகளுக்கான விவரம் ஏற்கெனவே வெளியிட்ட ஆவணங்களிலேயே இருக்கிறது என்றது குழுமம். 62 கேள்விகளுக்கு நேரான பதில் வரவில்லை என்றது ஹிண்டன்பர்க். எண்ணிக்கைச் சண்டை எப்படியும் போகட்டும். இந்தியாவின் மீது தாக்குதல் என்றார்களே, அதை மட்டும் நாம் ஏற்க முடியாது. ஒரு கம்பெனியின் கணக்கைப் பற்றிய கேள்விக்குக் கணக்கில்தான் பதில் வேண்டும். கணக்குப் புத்தகத்துக்குத் தேசக் கொடியை உறையாகப் போடுவது கொடிக்கும் மரியாதை அல்ல, கணக்குக்கும் மரியாதை அல்ல.

பிறகு, விசாரித்தவர்கள் சொன்னது என்ன?

2023 மார்ச் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.எம். சாப்ரே தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. மே மாதம் அந்தக் குழு, கண்காணிப்பு அமைப்பு தவறிவிட்டது என்று இப்போதைக்கு முடிவு கட்ட இயலாது என்றது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அதானி பங்குகளை வைத்திருந்த 13 வெளிநாட்டு அமைப்புகளின் உண்மையான உடைமையாளர் யார் என்று செபி 2020 முதல் தேடியும் முடிவு காண முடியவில்லை. மறைந்திருக்கும் உடைமையாளர் வரை கேட்க உதவிய பழைய விதியே நடுவில் கைவிடப்பட்டிருந்தது. பின்னர் 2023 ஆகஸ்டில், தன் இந்திய முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் வைத்திருக்கும் வெளிநாட்டு நிதிகள், சில விலக்குகள் நீங்கலாக, கடைசி உடைமையாளர் வரை சொல்ல வேண்டும் என்று செபி விதியை இறுக்கியது. அந்தக் கேள்வி வீண் கேள்வி என்றால் விதியை இறுக்க வேண்டிய அவசியம் என்ன?

2024 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டாம், செபியின் விசாரணையே போதும் என்றது. 24 விசாரணைகளில் 22 முடிந்துவிட்டன, மீதியை மூன்று மாதத்தில் முடியுங்கள் என்றது. அதே தீர்ப்பில், ஷார்ட் செய்தவர்கள் சட்டம் மீறினார்களா என்றும் பார்க்கச் சொன்னது. இது நாம் கவனிக்க வேண்டிய முறை. நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் கேட்டது.

2025 ஜனவரி 15ஆம் தேதி ஹிண்டன்பர்க் நிறுவனத்தைக் கலைத்துவிடுவதாக ஆண்டர்சன் அறிவித்தார். 2025 செப்டம்பர் 18ஆம் தேதி செபி இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்தது. அடிகார்ப், மைல்ஸ்டோன், ரெஹ்வார் என்ற மூன்று கம்பெனிகள் வழியே குழுமத்துக்குள் பணம் சுற்றியது மோசடி என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றது. கடன்கள் வட்டியோடு திரும்பி வந்துவிட்டன என்றது. அந்தக் காலத்தில் இருந்த சட்டத்தின்படி அவை வெளியிட வேண்டிய உறவுக்காரர் பரிவர்த்தனைகள் ஆகா என்றது. சட்டத்தின் விளக்கம் பிறகுதான் விரிவாக்கப்பட்டது.

இது குழுமத்துக்குக் கிடைத்த வெற்றிதான். மறுப்பதற்கில்லை. அறிக்கை பெரிதாகச் சொன்ன ஒரு குற்றச்சாட்டு, விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரின் கையில் நிற்கவில்லை. அதை அன்று முழுவதுமாக நம்பித் தெருவில் கூவியவர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த உத்தரவின் எல்லையையும் பார்க்க வேண்டும். அது அந்த மூன்று கம்பெனிகளின் வழியே நடந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. மொரீஷியஸ் நிதிகளுக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கு விடை சொன்ன உத்தரவு அல்ல. 2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சூரிய மின்சார ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் கொடுக்க முற்பட்டதாகக் கொண்டுவந்த குற்றச்சாட்டும் தனி விவகாரம். குழுமம் அதையும் மறுத்தது. ஒன்றில் விடுபட்டதை இன்னொன்றுக்கு ரசீதாகக் காட்டக் கூடாது. ஒன்றில் குற்றம் சாட்டியதை இன்னொன்றுக்குச் சாட்சியாகவும் காட்டக் கூடாது.

விலையும் சாட்சி அல்ல. விலை விழுந்தபோது மோசடி நிரூபணமாகிவிட்டது என்றார்கள். ஏறியபோது மோசடி இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்றார்கள். சந்தைக் கூச்சல் நீதிமன்றம் அல்ல.

கடைசியாக, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

அறிக்கை வந்த வாரத்தில் நம் தாய்மார்கள் பலர், எல்.ஐ.சி.யில் போட்ட பணம் போய்விடுமா என்று கேட்டார்கள். 2023 ஜனவரி 30ஆம் தேதி எல்.ஐ.சி. வெளியிட்ட கணக்கு இது: அதானி குழுமப் பங்குகளை வாங்கியது 30,127 கோடி ரூபாய்க்கு. 27ஆம் தேதி சந்தை மதிப்பு 56,142 கோடி. கடன் பத்திரங்களையும் சேர்த்துக் குழுமத்தில் போட்டது எல்.ஐ.சி.யின் மொத்தச் சொத்தான 41 லட்சம் கோடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிப்ரவரி இறுதியில் பங்குகளின் மதிப்பு வாங்கிய விலைக்கும் கீழே போனதாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. பிறகு ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தில் உங்கள் பாலிசித் தொகை காணாமல் போகாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாலிசிப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்கிறது. அன்று பயந்து பாலிசியைப் பாதியில் முறித்திருந்தால் கையில் வருவதில்தான் நட்டம் வந்திருக்கும். அதே சமயம், நம் பணத்தை எங்கே, எந்த விலைக்கு, ஏன் போட்டீர்கள் என்று கேட்கும் உரிமை பாலிசிக்காரனுக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க நியூயார்க்கிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

தாராவியும் அப்படியே. ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி பிராபர்ட்டீஸ் வென்றது 2022 நவம்பர் 29ஆம் தேதி. அறிக்கை வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. அறிக்கைக்குப் பிறகும், 2023 ஜூலையில், மகாராஷ்டிர அரசு வேலையை அவர்களிடமே ஒப்படைத்தது. குழுமம் எண்பது பங்கும் அரசு இருபது பங்குமாகக் கூட்டுக் கம்பெனி அமைந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு என்றும், 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு என்றும், அதற்குப் பின் வந்தவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் வெளியே வாடகை முறை வீடு என்றும் அறிவித்தார்கள். யார் பெயர் எந்தப் பட்டியலில், தோல் பதனிட்டும் முறுக்குச் சுட்டும் பிழைக்கிற குடும்பத்துக்குத் தொழில் செய்ய இடம் எங்கே, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் என்பவை நம் கேள்விகள்.

ஹிண்டன்பர்க் சொன்னது முழு உண்மையாக இருந்திருந்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்திருக்காது. அது முழுப் பொய்யாகவே இருந்தாலும் இந்தக் கேள்விகள் செல்லாதவை ஆகிவிடாது. கம்பெனி கவிழும், குடிசை தப்பும் என்று 2023இல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள், கணக்கெடுப்புக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்க்காமல் காலத்தை வீணாக்கினார்கள். செபியே விடுவித்துவிட்டது, இனி வாயைத் திறக்காதே என்று 2025க்குப் பின் சொல்கிறவர்கள், பங்கு விவகாரத்து உத்தரவைக் காட்டி வீட்டு விவகாரத்தை மூடப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் பிறர் கணக்கை நம் கணக்கோடு கலக்கிறார்கள்.

ஆகவே, தோழர்களே, நாம் மூன்று காரியம் செய்வோம். யார் மீதாவது பெரிய குற்றச்சாட்டு ஒன்று வந்தால், சொன்னவருக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்போம். கேட்டதோடு நிற்காமல், சொன்னதில் கண்டது எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். விசாரித்தவர் தீர்ப்புச் சொன்னால், எந்தக் கேள்விக்கு விடை வந்தது, எது பாக்கி என்று எழுதி வைப்போம். கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, சீட்டுப் பணத்தை எடுத்துப் பங்கு வாங்குவதும் வேண்டாம், பாலிசியை முறிப்பதும் வேண்டாம்.

நான்காவதாக ஒரு சின்ன வேலையும் உண்டு. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் ரேஷன் அட்டை, மின்சார ரசீது, பழைய வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வாருங்கள். எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம். ஓநாய் அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி, நம் ஆட்டை நாம்தான் மழைக்கு முன் கட்டிப்போட வேண்டும்.